பதினோரு கைகளில் ஒரு பெயர்

பெரு நாட்டின் சிம்போத்தே துறைமுகத்தில் பதினோரு ஆண்களின் கையில் என் மகளின் பெயர் இருக்கிறது. இடது முழங்கைக்குக் கீழே, நீலமும் பச்சையுமான எழுத்தில், 'சாயுரி' என்று. மீன் சந்தைக்குப் புதிதாக வருகிறவர்கள் அது ஏதோ படகின் பெயர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு வியாபாரி, இது எந்த ஊர்ப் புனிதை, இவளுக்கு எப்போது திருவிழா என்று என்னிடமே கேட்டார். அந்தப் புனிதைக்கு ஐந்து வயது, நேற்றுதான் பக்கத்து வீட்டு வாத்துக்குஞ்சைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி என்னிடம் திட்டு வாங்கினாள் என்று சொன்னேன்.

அந்தப் பதினோரு பேரையும் வரிசையாக நிறுத்தி மீன் அறுக்கிற கத்தியால் ஒரு வழி பண்ணிவிடலாம் என்று நான் நினைத்த நாளும் உண்டு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

சாயுரி நடக்கத் தொடங்கியபோது பத்தடி நடப்பாள், குந்தி உட்கார்ந்துவிடுவாள். கொஞ்ச நேரம் தரையைப் பார்ப்பாள். பிறகு எழுந்து இன்னும் பத்தடி. எறும்பு பார்க்கிறாள் என்று நினைத்தோம். என் கணவன் வில்மெர் அவளுக்கு 'எறும்பு டாக்டர்' என்று பட்டப்பெயர் வைத்தான். உதடு நீலமாக இருந்ததற்குக் கடல் காற்றைக் குற்றம் சொன்னோம். தடுப்பூசி போடப் போன இடத்தில் ஒரு சின்ன வயது டாக்டர் அவள் நெஞ்சில் குழாயை வைத்தார். அதுவரை வளவளவென்று பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று பேச்சை நிறுத்தினார். அன்றைக்குத்தான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது.

இதயத்தில் ஓர் ஓட்டை. நுரையீரலுக்குப் போகிற குழாயில் அடைப்பு. அதோடு சேர்ந்த வேறு இரண்டு கோளாறுகள். ஆக மொத்தம் நான்கு. குந்தி உட்கார்ந்தால் நுரையீரலுக்கு ரத்தம் கொஞ்சம் கூடப் போகும். யாரும் சொல்லிக் கொடுக்காமலே ஒரு வயது தாண்டிய பிள்ளை அதைக் கண்டுபிடித்து வைத்திருந்தது. எறும்பைப் பார்க்கவில்லை, மூச்சைத் தேடிக்கொண்டிருந்தது. நாங்கள் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றோம்.

சில நாள் அழும்போது அப்படியே கறுநீலமாகிவிடுவாள். உடனே அவளை மல்லாத்தி, இரண்டு முழங்காலையும் மடக்கி நெஞ்சோடு சேர்த்து அழுத்திப் பிடிக்க வேண்டும். பேருந்தில் செய்திருக்கிறேன், பூசை நடக்கும்போது கோயிலில் செய்திருக்கிறேன். சந்தையில் செய்தபோது ஒருத்தி, பிள்ளையைக் கொல்கிறாள் என்று போலீஸைக் கூப்பிடப் போனாள். நிறம் திரும்பிய பிறகு சாயுரியே அவளிடம், "பயப்படாதீங்க அத்தை, இது எங்க வீட்ல எப்பவும் நடக்கிறதுதான்" என்றாள். அப்போது மூன்று வயது.

மூன்று வருடத்தில் லீமாவின் பெரிய மருத்துவமனையில் நான்கு தடவை படுத்தோம். பேருந்தில் ஏழு மணி நேரப் பயணம். அங்கே எனக்குப் பெயர் கிடையாது, 'சாயுரி அம்மா'தான். மற்றவர்களும் அப்படித்தான், லூகாஸ் அம்மா, த்யானா அம்மா. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கக் கற்றுக்கொண்டோம். ஒருத்தி குளிக்கப் போனால் அவள் பிள்ளையின் விரலில் மாட்டிய கருவியின் எண்ணை இன்னொருத்தி பார்த்துக்கொள்வாள். விடிந்ததும் வாசலில் மூலிகைக் கஷாய வண்டி வரும். வண்டிக்கார பாவ்லினோ, வார்டிலிருந்து வருகிற எங்களுக்கு மட்டும் குவளை தளும்ப ஊற்றுவார். கேட்டால், "கை நடுங்குதும்மா, வயசாச்சுல்ல" என்பார். மற்றவர்களுக்கு ஊற்றும்போது அந்தக் கை நடுங்கி நான் பார்த்ததில்லை.

சாயுரிக்கு நான்கு வயது முடிந்த மே மாதத்தில் டாக்டர் பால்தெராமா என்னைக் கூப்பிட்டு, இனித் தள்ளிப்போட முடியாது என்றார். உடம்பு நீலம் பாய்வது அடிக்கடி நடக்கிறது, ஒரு தடவை நிறம் திரும்பாமலே போகலாம். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அறுவை சிகிச்சை அறை காலியாக இருக்கிறது. ஆனால் வியாழக்கிழமை நண்பகலுக்குள் ரத்த வங்கியில் ஆறு பேர் ரத்தம் கொடுத்திருக்க வேண்டும்.

எங்கள் நாட்டில் இதுதான் வழக்கம். நோயாளிக்கு எவ்வளவு ரத்தம் வேண்டுமோ அவ்வளவுக்கு ஆளை வீட்டுக்காரர்கள்தான் கூட்டிவர வேண்டும். ஒரு தாளில் ஆறு கோடு போட்டுக் கொடுப்பார்கள். ஆறு பெயர் விழுந்தால் அறுவை உண்டு. விழாவிட்டால் அந்த வெள்ளிக்கிழமை அடுத்த பிள்ளைக்கு. நமக்கு மறுபடி எப்போது முறை வரும் என்று டாக்டருக்கே தெரியாது.

முதல் கோட்டில் நான் என் பெயரை எழுதினேன். ரத்த வங்கியில் எடை பார்க்கிற கருவியில் ஏறினேன். நாற்பத்தேழு கிலோ. ஐம்பது இருந்தால்தான் எடுப்பார்களாம். அங்கிருந்த நர்ஸ் நொயெமி என் பெயரை மெதுவாக அடித்தாள்.

"முதல்ல சாப்பிடுங்க, சாயுரி அம்மா" என்றாள்.

ஊரிலிருந்த வில்மெருக்குப் போன் போட்டேன்.

"ஆறு பேரா? எங்க டீம்லயே பதினோரு பேர் இருக்கோம். அஞ்சு பேர் ரத்தம் மிச்சம்டி, வேணும்னா அந்த டாக்டருக்கும் ஏத்தச் சொல்லு" என்றான்.

டீம் என்று அவன் சொன்னது எங்கள் தெருவின் கால்பந்து அணியை. 'நங்கூரம்' என்று பெயர். எல்லோரும் நெத்திலிப் படகில் போகிறவர்கள். வில்மெர் கோல் காப்பவன். தலைவன் பிதென்சியோவை எல்லோரும் 'பூசணி' என்றுதான் கூப்பிடுவார்கள், உருவம் அப்படி. நான் போனை வைத்துவிட்டு இரண்டு கிண்ணம் கோழி சூப் குடித்தேன். வெகு நாளைக்குப் பிறகு ருசி தெரிந்தது.

புதன்கிழமை காலையில் பதினோரு பேரும் அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார்கள். பேருந்தில் எண்ணெய்ப் பலகாரம் எதையும் தொடவில்லையாம். மூன்று நாளாகப் பீர் குடிக்கவில்லையாம், அதைப் பூசணி ஏதோ சிலுவை சுமந்ததுபோல் சொன்னான். ரத்த வங்கியின் நடைபாதையே நிரம்பிவிட்டது. நொயெமி கூட, "இப்படி ஒரு குடும்பத்தை நான் பார்த்ததே இல்ல" என்றாள். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

பிறகு அவள் கேள்வித்தாளை எடுத்தாள். மஞ்சள்காமாலை வந்ததுண்டா, மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று வரிசையாகக் கேட்டாள். பூசணி எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டு வந்தான்.

"கடந்த ஒரு வருஷத்துல எங்கயாவது பச்சை குத்திக்கிட்டீங்களா?"

பூசணியின் முகம் மலர்ந்தது. "அதை நீங்க கேட்கவே வேணாம் மிஸ். பாருங்க" என்று சட்டைக் கையை மேலே சுருட்டினான்.

இன்னும் தோல் உரிந்துகொண்டிருந்த புதுப் பச்சை. சாயுரி. கீழே ஒரு சின்ன இதயம்.

"டேய், எல்லாரும் காட்டுங்கடா."

பதினோரு கைகள் உயர்ந்தன. ஒன்பதாவதாக நின்ற என் புருஷனும் காட்டினான். எங்கள் ஸ்பானிய எழுத்தில் அவள் பெயருக்கு ஆறு எழுத்து. இடது பக்கத் தடுப்பாட்டக்காரன் நெப்தாலி கையில் மட்டும் மூன்றுதான் இருந்தது. ஊசியைப் பார்த்துப் பாதியிலேயே மயங்கி விழுந்துவிட்டானாம்.

"போன சனிக்கிழமை குத்திக்கிட்டோம். நேர்ச்சை, மிஸ். நாங்க சும்மா வரலேன்னு கடவுளுக்குத் தெரியணும்ல" என்றான் பூசணி.

நொயெமி பேனாவை மூடி மேசையில் வைத்தாள். "பச்சை குத்தினா ஒரு வருஷம் ரத்தம் எடுக்க மாட்டோம். ஊசி மூலமா என்ன தொத்தியிருக்கும்னு உடனே தெரியாது. ஒருத்தர்கிட்ட கூட எடுக்க முடியாதுங்க."

 நெப்தாலிதான் மெல்லக் கேட்டான், "எனக்குப் பாதிப் பேருதானே, ஆறு மாசம் கழிச்சுக்கக் கூடாதா மிஸ்?"

நான் அவர்களை நடைபாதையிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டு போனேன். கஷாய வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, என் வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். பாவ்லினோ குவளையைக் கழுவுகிற சாக்கில் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"உதவி பண்ணாட்டியும் பரவாயில்ல, உபத்திரவம் பண்ணாம இருக்கக் கூடாதாடா? உடம்புக்குள்ள இருக்கிறதைக் கேட்டா தோலு மேல எழுதிட்டு வந்து நிக்கிறீங்க. பதினோரு தலை இருக்கு, ஒரு மூளை இல்ல?"

"நெரிதா, நாங்க..." என்று வில்மெர் தொடங்கினான்.

"நீ பேசாதே. பெத்த அப்பன் ரத்தம் கொடுக்க முடியலேன்னு உன் பொண்ணுகிட்ட நீயே போய்ச் சொல்லு."

அவன் அழுதான். படகு கவிழ்ந்த அன்றைக்குக்கூட அழாதவன். பூசணி தெருவோரத்தில் உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தான், தேய்த்தால் போய்விடும் என்பதுபோல. அவர்களைத் திட்டி முடித்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. மறுநாள் நண்பகலுக்கு இருபத்தைந்து மணி நேரம் இருந்தது, தாளில் ஒரு பெயர்கூட இல்லை. அதில் ஏழு மணி நேரம் பேருந்துக்கே போய்விடும்.

வில்மெர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான். "யூலாலியாவைக் கேளேன்."

"நாக்கைப் பிடுங்கிட்டுச் சாவேன்" என்றேன்.

யூலாலியா யாரென்று சொல்ல வேண்டும். நான் டின் மீன் தொழிற்சாலையில் மீன் அறுக்கிற மேசையில் வேலை செய்கிறேன். ஒரு மேசைக்குப் பத்துப் பெண்கள். எங்கள் மேசைக்கு மூத்தவள் யூலாலியா. எனக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக் கொடுத்தவள், என் கல்யாணத்தில் எனக்குச் செருப்பு வாங்கித் தந்தவள். சாயுரியின் நோய் தெரிந்து நான் வேலைக்குத் திரும்பிய முதல் நாள், எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "அப்பவே சொன்னேன். வயித்துப் புள்ளையோட ஐஸ் தண்ணியில நிக்காதேன்னு. கேட்டாத்தானே. இப்ப புள்ளை நெஞ்சுக்குள்ள குளிர் இறங்கிடுச்சு."

நான் மீன் குடல் இருந்த தொட்டியைத் தூக்கி அவள் தலையில் கொட்டினேன்.

மூன்று வருடம் பேசவில்லை. ஒரே மேசை, எதிரெதிரே நிற்கிறோம். கத்தி தீட்டுகிற கல் வேண்டுமென்றால் நடுவில் நிற்கிற ரோசாவுராவிடம், "அந்தம்மாகிட்ட இருக்கிற கல்லை வாங்கிக் கொடு" என்பேன். அவளும், "கல்லு தேயாம பாத்துக்கச் சொல்லு" என்று பதில் அனுப்புவாள். பாவம் ரோசாவுரா, மூன்று வருடம் தபால்காரி வேலை பார்த்தாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவள் சொன்னதற்காக எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. அதையே நானும் ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொண்டிருந்ததால் வந்த கோபம் அது. ஐஸ் தண்ணீரால் இதயம் ஓட்டையாகாது, நீங்கள் எதுவும் தப்புச் செய்யவில்லை என்று டாக்டர் பால்தெராமா மூன்று தடவை சொல்லியிருக்கிறார். காது கேட்டது, மனசு கேட்கவில்லை.

வார்டுக்குப் போனேன். சாயுரி படுக்கையில் உட்கார்ந்து வண்ணக் குச்சியால் கால் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். நகமெல்லாம் ஊதா நிறம்.

"அப்பா வந்தாரா? ரத்தம் கொடுத்துட்டாரா?" என்றாள்.

"வரிசையில நிக்கிறாங்க."

"எனக்குப் பயமில்லம்மா. ஆனா ஓட்டையை அடைச்சிட்டா, அதுக்குள்ள இருக்கிற நீலமெல்லாம் எங்க போகும்?"

நான் நடைபாதைக்கு வந்து யூலாலியாவின் எண்ணை அழுத்தினேன். வெட்கமாவது மானமாவது. இரண்டாவது மணி அடிப்பதற்குள் எடுத்தாள். பின்னால் தொழிற்சாலை இரைச்சல் கேட்டது.

"நான் நெரிதா பேசுறேன்."

"தெரியும். உன் நம்பரை நான் அழிக்கல."

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நேரடியாகச் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை அறுவை, ஆறு பேர் ரத்தம், பதினோரு மடையர்கள், பச்சை.   

"பதினோரு பேருமா குத்திக்கிட்டானுங்க?" என்றாள்.

"பத்தரை பேர். நெப்தாலி பாதியில விழுந்துட்டான்."

அவள் சிரித்த சிரிப்பு எனக்கு அடையாளம் தெரிந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் என் தலையை வாரிவிட்டபோது சிரித்த அதே சிரிப்பு. பிறகு சிரிப்பு நின்றது. "ஏண்டி, மொதல்ல எங்களைக் கேக்க உனக்குத் தோணலியா? நாங்கல்லாம் மாசாமாசம் ரத்தத்தைப் பாக்குறவளுங்க. இவனுங்க மீன் முள்ளு குத்தினாலே ஊரைக் கூட்டுவானுங்க."

"அக்கா, நான் உங்க மேல..."

"அதெல்லாம் வந்து பேசிக்கலாம். மூணு வருஷமா எங்கிட்ட ஏதாவது கேப்பியான்னு பாத்துக்கிட்டு இருக்கேன், கல்லு மட்டும்தான் கேட்டே. போனை வை. ஷிப்ட் முடிஞ்சதும் பஸ் பிடிக்கணும்."

வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு அவர்கள் நடைபாதையில் நடந்து வந்தார்கள். எட்டுப் பெண்கள். வீட்டுக்குக்கூடப் போகவில்லை, ரப்பர் பூட்ஸோடு வந்திருந்தார்கள். அந்த வெள்ளைச் சுவர் முழுக்க நெத்திலி வாடை அடித்தது. சுவரோரமாக உட்கார்ந்திருந்த பதினோரு பேரும் எழுந்து வழி விட்டார்கள். ரோசாவுரா போகிற போக்கில் பூசணியின் கையைப் பிடித்துப் பார்த்து, "எழுத்து அழகாத்தான் இருக்கு. மண்டைதான் சரியில்ல" என்றாள்.

நொயெமி ஒவ்வொருத்தியாகச் சோதித்தாள். ஒருத்திக்கு என்னைப் போலவே எடை போதவில்லை. இன்னொருத்திக்கு ரத்தத்தில் இரும்பு குறைவு. ரோசாவுரா கொடுத்தாள், அடுத்தடுத்து மூன்று பேர் கொடுத்தார்கள். பதினோரு மணிக்கு ஐந்தாவது பெயர் விழுந்தது. மீதி யூலாலியா மட்டும்தான்.

எடை சரி. இரும்பு சரி. ரத்த அழுத்தம் பார்த்த நொயெமி உதட்டைப் பிதுக்கினாள். "ரொம்ப ஏறியிருக்கு. இப்படி இருந்தா எடுக்க மாட்டேன். கால் மணி நேரம் உட்காருங்க, மறுபடி பாக்கறேன்."

கால் மணி கழித்துப் பார்த்தபோது இன்னும் ஏறியிருந்தது.

"அக்கா, என்ன பண்ணுது?" என்றேன்.

யூலாலியா தரையைப் பார்த்தபடி சொன்னாள். "எனக்கு ஊசின்னா பயம்டி. பல்லு வலிக்குக்கூட நான் ஊசி போட்டுக்கிட்டதில்ல. மூணு புள்ளையையும் வீட்லதான் பெத்தேன்." நெற்றி வியர்த்திருந்தது. "அதோட, அன்னிக்கு அப்படிப் பேசினேன்ல. எனக்கும் ஒரு பையன் இருந்தான், தெரியுமா? இந்த மூணு பேருக்கும் முன்னாடி. எட்டு மாசம் இருந்தான். அவனும் உதடு நீலமாத்தான் இருப்பான். என்னன்னு சொல்ல அப்ப ஊர்ல ஒரு டாக்டர் கிடையாது. ஐஸ் தண்ணின்னு என் மாமியார் சொன்னா. அதையே வாழ்க்கை பூரா நம்பிட்டேன். உன்னைப் பாத்ததும் அது வாயில வந்துடுச்சு."

 அவள் மேல் கொட்டிய தொட்டிதான் கண் முன்னால் வந்தது. குந்தி உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். விரலெல்லாம் கத்திக் காயம், என் விரலைப் போலவே.

"ஐஸ் தண்ணியால இல்லக்கா" என்றேன். "டாக்டர் மூணு தடவை சொன்னார். நானும் எதுவும் பண்ணல. நீங்களும் எதுவும் பண்ணல."

இதைச் சொல்லும்போதுதான் முதல் தடவையாக நானும் அதை நம்பினேன்.

கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த நெப்தாலி மெல்ல உள்ளே வந்தான். "அக்கா, நானும் ஊசியில விழுந்தவன்தான். நீங்க விழுந்தா நான் பிடிக்கிறேன். நான் விழுந்தா நீங்க பிடிங்க" என்றான்.

யூலாலியா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "மூணெழுத்து வீரன் எனக்குக் காவலா?" என்று சிரிக்க ஆரம்பித்தவளால் நிறுத்த முடியவில்லை. அந்தச் சிரிப்பு அடங்கிய கையோடு நொயெமி பட்டையைச் சுற்றி மறுபடி பார்த்தாள். "எல்லைக்குள்ள வந்துடுச்சு. சீக்கிரம் படுங்க" என்றாள். பதினொன்றே முக்காலுக்கு ஆறாவது கோட்டில் பெயர் விழுந்தது. ஊசி ஏறும்போது யூலாலியா கண்ணை இறுக மூடிக்கொண்டு, தன் மகன் பெயரோ என் மகள் பெயரோ, ஏதோ முணுமுணுத்தாள். நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சாயுரியைக் கொண்டுபோனார்கள். மாலை மூன்றரைக்கு டாக்டர் பால்தெராமா வெளியே வந்து தொப்பியைக் கழற்றினார். நடைபாதையில் இருபது பேர் எழுந்து நின்றதைப் பார்த்து ஒரு அடி பின்வாங்கினார். "நல்லபடியா முடிஞ்சுது" என்றார். பூசணி அவரைக் கட்டிப்பிடித்துத் தரையிலிருந்து தூக்கிவிட்டான்.

என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். குழாய்களுக்கு நடுவில் என் பிள்ளை படுத்திருந்தாள். உதடு ரோஸ் நிறத்தில் இருந்தது. சாயம் எதுவும் பூசினீர்களா என்று அங்கிருந்த நர்ஸைக் கேட்டேன், முட்டாள்தனமாக. இல்லை, இதுதான் அவள் நிறம் என்றாள். நான்கு வருடம் தினமும் பார்த்த முகம். அதன் நிறம் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கால் விரலைப் பார்த்தேன். சாயத்தைத் துடைத்திருந்தார்கள், ஒவ்வொரு நகமும் தனித்தனியாகச் சிவந்திருந்தது. பத்தையும் தொட்டுத் தொட்டுக் கும்பிட்டேன்.

வீட்டுக்குப் புறப்படும் நாளில் நொயெமியிடம், யூலாலியாவின் ரத்தம் என் மகளுக்குள் ஓடுகிறதா என்று கேட்டேன். அப்படி இல்லை என்றாள். உங்கள் ஆட்கள் கொடுத்தது வங்கிக்குப் போகும், சாயுரிக்கு ஏற்றியது வேறு யாரோ எப்போதோ கொடுத்தது. யாரென்று சொல்ல மாட்டார்கள். பேருந்தில் திரும்பி வரும் ஏழு மணி நேரமும் எனக்கு அதே நினைப்பு. யாருக்கு நன்றி சொல்வது? ஏறி இறங்குகிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தேன். சோளம் விற்க ஏறியவன், தூங்கி வழிந்த போலீஸ்காரன், என் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்காத கிழவர். இவராக இருக்கலாம், அவராக இருக்கலாம். அதனால் எல்லோருக்கும் சொல்லி வைத்தேன், மனசுக்குள்ளே. காலை மிதித்த கிழவருக்கும்தான்.

ஒரு வருடம் ஓடியது. இந்த மே மாதம் சாயுரியைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போகப் பேருந்து நிலையத்துக்கு வந்தால், பதினோரு பேரும் அணிச் சட்டையோடு நிற்கிறார்கள்.

"நீங்க எங்கடா?" என்றேன்.

"வருஷம் முடிஞ்சு பத்து நாள் ஆச்சு" என்றான் பூசணி. "எண்ணிக்கிட்டுத்தான் இருந்தோம். நெப்தாலி மிச்ச எழுத்தைக்கூட எழுதிக்கல, மறுபடி வருஷம் தள்ளிடும்னு."

ரத்த வங்கி நடைபாதையில் நொயெமி எங்களைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். படிவத்தை நீட்டி, "நோயாளி பேரு?" என்று கேட்டாள். பூசணி பழக்கதோஷத்தில் கையைக் காட்டினான்.

"அவளுக்கு இனிமே வேண்டாம்" என்றாள் நொயெமி. "வேற யார் பேர்லயாவது எழுதலாம். இல்லேன்னா காலியா விடுங்க."

சுவரோரமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மலைப்பக்கத்து ஆள் என்று கம்பளிப் பாவாடையும் பின்னலும் சொல்லின. மடியில் ஒரு தாள் நான்காக மடித்து, பிரித்து, மறுபடி மடித்து நைந்துபோயிருந்தது. அந்தத் தாளை எனக்குத் தெரியும். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எத்தனை பேர் வேணும்?"

"எட்டு" என்றாள். "இந்த ஊர்ல எனக்கு யாரையும் தெரியாதும்மா. எங்க ஊர்லேர்ந்து வர ரெண்டு நாளாகும். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வேணுங்கறாங்க."

"பையனா, பொண்ணா?"

"பையன். யெர்சன். ரெண்டு வயசு."

நான் பூசணியைப் பார்த்தேன். அவன் ஏற்கெனவே பேனாவைக் கேட்டு வாங்கியிருந்தான். யெர்சன் என்று ஒருவன் எழுத, அடுத்தவன் எழுத, தாள் கைமாறிப் போய்க்கொண்டிருந்தது. வில்மெர்தான் முதலில் படுத்தான். ஒரு வருடமாக அவன் அப்படி நிம்மதியாகப் படுத்து நான் பார்க்கவில்லை.

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. வரிசையாக நின்ற கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தாள்.

"சாயுரின்னா யாரும்மா? ஏதாவது புனிதையா?"

நடைபாதையின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குச் செருப்புச் சத்தம் வந்துகொண்டிருந்தது. ஓடாதே என்று காவலாளி கத்திக்கொண்டிருந்தார். நாங்களும்தான் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தோம், யார் கேட்கிறார்கள்.

"அதோ ஓடிக்கிட்டிருக்காளே" என்றேன். "அவதான்."